காந்தத் தூளால் சாயத்தை நீக்குவது: முதல்முறை செய்பவர்களுக்கு

மெத்திலீன் நீலம் கலந்த தண்ணீரிலிருந்து நிறத்தை எடுக்க நான் பயன்படுத்துவது பெண்டோனைட் களிமண்ணும் மேக்னடைட்டும் (காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு) சேர்ந்த நானோகாம்போசிட், அதாவது மிக நுண்ணிய துகள்கள் கலந்த கூட்டுப்பொருள். சாயத்தைப் பிடிப்பது பெரும்பாலும் களிமண். மேக்னடைட் சேர்ப்பதற்குக் காரணமே வேறு: வேலை முடிந்ததும் காந்தத்தைக் காட்டித் தூளைத் திரும்ப அள்ளிவிடலாம். கரைசல் தயாரிப்பதும் பி.எச். மீட்டரைச் சரிபார்ப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கையுறை கட்டாயம். அம்மோனியா புட்டியை ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) மட்டும் திறங்கள்.

முதலில் தூள். 2.3 கிராம் பெண்டோனைட்டை 200 மி.லி. தண்ணீரில் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள், நன்றாக உப்பட்டும். மறுநாள், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் எடுத்து (கரைந்த ஆக்சிஜன் குறைவாக இருக்கவேண்டும் என்பதற்காக) அதில் 5.4 கிராம் ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டையும் 2 கிராம் ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட்டையும் கரைத்து, ஊறிய களிமண்ணோடு சேருங்கள். மோல் கணக்கில் இது 2:1. கிடைக்கும் மேக்னடைட்டும் ஏறக்குறைய 2.3 கிராம் வரும், ஆக களிமண்ணும் அதுவும் சரிபாதி. ஃபெரஸ் உப்பு வெளிர்பச்சையாக இருக்கவேண்டும். பழுப்பேறியிருந்தால் புதுப் புட்டியைத் திறங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

80 டிகிரி செல்சியஸில் கலக்கிக்கொண்டே 25 சதவீத அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பி.எச். 10 வந்ததும் நிறுத்தி, இன்னும் ஒரு மணி நேரம் கலக்குங்கள். நிறம் கறுப்பாக வரவேண்டும். செம்பழுப்பாக வந்தால் இரும்பு கூடுதலாக ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, காந்தத்துக்குச் சரியாக வராது. கலக்குவதற்கு மேக்னடிக் ஸ்டிரர் வேண்டவே வேண்டாம். நான் அதைத்தான் போட்டேன். அரை மணி நேரத்தில் உள்ளே சுற்றும் குச்சிக்குக் கறுப்பு ரோமம் முளைத்திருந்தது; தூளில் பாதி அதில்தான். மேலிருந்து துடுப்பு இறக்கும் மோட்டார் ஸ்டிரர்தான் இதற்குச் சரி. அப்புறம் கழுவுநீர் பி.எச். 7 ஆகும்வரை கழுவி, 60 டிகிரியில் உலர்த்தி, உரலில் பொடியுங்கள்.

சோதனைக்கு லிட்டருக்கு 50 மி.கி. சாயக் கரைசல் 50 மி.லி., தூள் 0.05 கிராம், பி.எச். 7, ஷேக்கரில் 60 நிமிடம். நேரத்தோடு அளவு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குடுவை வையுங்கள். ஒரே குடுவையிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் கன அளவு குறைந்து கணக்கு கெடும்.

இனி நான் சறுக்கிய இடம். முதல் சோதனையில் தூளைப் பிரிக்க வடிதாளில் வடித்தேன். கீழே இறங்கிய நீர் பளிங்கு மாதிரி இருந்தது. 98 சதவீதம் என்று நோட்டில் எழுதிவிட்டேன். குப்பையில் போடும்போதுதான் தாளைப் பார்த்தேன்: விளிம்பு முழுக்க நீல வளையம். சந்தேகம் வந்து, தூளே போடாத சாயக் கரைசலை அதே வகைத் தாளில் வடித்தேன். அதுவும் வெளிறித்தான் இறங்கியது! மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். தாளின் செல்லுலோஸ் அதை விரும்பிப் பிடித்துக்கொள்கிறது. நான் அளந்தது தூளும் தாளும் சேர்ந்து செய்த வேலையை. கடைசியில் மிஞ்சும் சாயம் குறைவாக இருக்க இருக்க, இந்தப் பிழையின் பங்கு பெரிதாகும்.

அதனால் வடிக்காதீர்கள். காந்தத்தைக் குடுவையின் பக்கவாட்டில் ஒட்டவைத்து 5 நிமிடம் விடுங்கள், தெளிந்ததை எடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். தூள் போடாத குடுவை ஒன்றையும் தொடக்கம் முதல் கடைசிவரை எல்லாப் படியிலும் கூடவே நடத்துங்கள். கண்ணாடிச் சுவரில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

ஸ்பெக்ட்ரோமீட்டரில் 664 நானோமீட்டரில் அளவிடுங்கள். அளவுக்கோடு (தெரிந்த செறிவுகளை அளந்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) லிட்டருக்கு 1 முதல் 5 மி.கி. வரை போதும், அதற்கு மேல் இருப்பதை நீர்த்து அளவிடுங்கள். செறிவு கூடினால் சாய மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கோடு வளையத் தொடங்கும். 800 நானோமீட்டரையும் ஒரு தடவை பாருங்கள். அங்கே சாயம் ஒளியை உறிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம், ஆகவே அளவு பூஜ்யத்தை விட்டு மேலே நின்றால் நுண்துகள் மிதக்கிறது. மறுபடி சுற்றுங்கள்.

கணக்கு எளிது. தொடக்கச் செறிவில் கடைசிச் செறிவைக் கழித்து, லிட்டரில் கன அளவால் பெருக்கி, தூளின் கிராமால் வகுங்கள். 50 மி.கி. 4 ஆக இறங்கியிருந்தால் 46 × 0.05 ÷ 0.05, அதாவது கிராமுக்கு 46 மி.கி. பிறகு லாங்மியூர், ஃப்ராய்ண்ட்லிச் சமன்பாடுகளில் (நீரில் மிஞ்சிய செறிவுக்கும் தூள் பிடித்த அளவுக்கும் உள்ள உறவைச் சொல்பவை) பொருத்துவார்கள். நேர்கோடாக மாற்றிப் பொருத்துவது எனக்குப் பிடிக்காது, பிழைகளின் எடையையே அது மாற்றிவிடும். வளைகோட்டிலேயே நேரடியாகப் பொருத்துங்கள்.

பின்சேர்க்கை: மெத்தில் ஆரஞ்சில் செய்து பார்த்து நிறம் அசையவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அசையாது. அது எதிர்மின் சாயம், களிமண்ணின் பரப்பும் எதிர்மின். அதற்குக் கைட்டோசான் (அமிலத்தில் நேர்மின் ஏறும் இயற்கைப் பாலிமர்) சேர்த்த காம்போசிட்டை லேசான அமிலத்தில் முயலுங்கள். ரொம்ப அமிலமாக்கவும் கூடாது. இன்னொருவர் பி.எச். 2-க்கு இறக்கியதும் தண்ணீர் மஞ்சளாகிவிட்டதாம். மேக்னடைட் கரைகிறது என்று அர்த்தம். தூளைத் திரும்பப் பயன்படுத்தவும் இதே காரணத்தால் அமிலத்தைத் தவிர்த்து எத்தனாலில் கழுவுகிறேன். கழுவிய எத்தனாலில் சாயம் அப்படியே இருக்கிறது. அதைத் தொட்டியில் ஊற்றாமல், ஆய்வகக் கழிவுப் புட்டியில் பெயர் எழுதிச் சேருங்கள்.