புது போக்கிமான் செட் வந்தால் முதலில் எதைப் படிப்பது?

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் முன்னே பின்னே, போக்கிமான் கார்டு விளையாட்டில் ஒரு புது செட், அதாவது ஒன்றாக வெளியாகும் புதுக் கார்டுகளின் தொகுப்பு, இறங்கிவிடுகிறது. இறங்கினதும் எங்கள் கோயமுத்தூர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வருகிற முதல் கேள்வி, "ஏனுங்ணா, இது எத்தனை அடிக்குமுங்க?" என்பதுதான். அட்டாக்கின் அடி 300 என்று போட்டிருந்தால் பேக்கரி மேசையே அதிரும். அந்த எண்ணைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு செட்டில் நூற்றுக்கும் மேல் கார்டு இருக்கும். போட்டி டெக்குகளுக்குள் (ஆடுகிறவர் கொண்டுவரும் கார்டுக் கட்டு) நுழைவது பத்துப் பதினைந்து தேறினால் அதிகம். மீதியெல்லாம் ஆல்பத்துக்கு. சேர்த்து வைக்கிறவர்களுக்கு அதிலும் சந்தோஷம் உண்டு, அது வேறு கணக்கு, இங்கே ஆடுகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் ட்ரெய்னர் கார்டுகள், அதாவது போக்கிமானோ, அதற்குச் சக்தி தரும் எனர்ஜியோ அல்லாத உதவிக் கார்டுகள். எல்லாரும் பளபளக்கிற போக்கிமானுக்குப் பாயும்போது நீங்கள் இங்கிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் ஒரு போக்கிமான் பெரும்பாலும் ஒரு வகை டெக்குக்குத்தான் உதவும், நல்ல ட்ரெய்னர் எந்த டெக்குக்குள்ளும் போய் உட்காரும். அதிலும் சப்போர்ட்டர் என்கிற வகை என்றால் ஒரு டர்னுக்கு (நாம் ஆடும் ஒரு முறைக்கு) ஒன்றுதான் ஆடலாம். அதனால் புது சப்போர்ட்டரைத் தனியாக வைத்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே உள்ள சப்போர்ட்டர்களில் ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச் கையிலிருப்பதை எல்லாம் தள்ளிவிட்டு 7 கார்டு எடுக்கத் தருகிறது. பாஸஸ் ஆர்டர்ஸ் எதிராளி பென்ச்சில் (பின்வரிசையில்) ஒளித்து வைத்திருப்பதை முன்னால் இழுத்து வருகிறது. அந்த டர்னில் இவற்றை விட்டுவிட்டு இந்தப் புதுக் கார்டை ஆடுவேனா? பதில் உடனே "ஆமா" என்று வரவில்லை என்றால் அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

டெக் சரியாக 60 கார்டு, ஒன்று கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஆகவே எந்தக் கார்டைப் பார்த்தாலும், இதை உள்ளே போட எதை வெளியே எடுப்பேன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எடுக்க வேண்டிய கார்டின் பெயர் வாயில் வரவில்லையா, அப்போது இந்தக் கார்டுக்கு இடமில்லை. இதோடு இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள்: அடிப்படை எனர்ஜி தவிர எந்தக் கார்டும் ஒரே பெயரில் 4 வரைதான், அந்த 4ஐயும் போட்டாலும் முதலில் எடுக்கும் 7 கார்டில் ஒன்றாவது வர ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்புதான். ஒன்றே ஒன்று வைத்தால், அது தொடக்கத்தில் கவிழ்த்து ஒதுக்கி வைக்கும் 6 பிரைஸ் கார்டுகளுக்குள் (எதிராளி போக்கிமானைச் சாய்க்கும்போது எடுப்பது, ஆறும் எடுத்தால் வெற்றி) போய் மாட்டிக்கொள்ள பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. "இந்தக் கார்டும் அந்தக் கார்டும் இன்னொன்றும் சேர்ந்து வந்தால் பாரு" என்று யாராவது வீடியோவில் துள்ளினால், மூன்றும் சேர்ந்து எப்போது வரும் என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது போக்கிமான். அந்தியூர்ச் சந்தையில் கொம்பைப் பார்த்து யாரும் மாடு பிடிப்பதில்லை, பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேச்சே. இங்கே பல் என்பது எனர்ஜி செலவு. கையிலிருந்து ஒரு டர்னுக்கு ஒரு எனர்ஜிதான் வைக்கலாம், அதனால் 3 எனர்ஜி கேட்கிற அட்டாக் வேறு உதவி இல்லாமல் மூன்றாவது டர்னில்தான் கிளம்பும். ஸ்டேஜ் 2, அதாவது இரண்டு படி வளர வேண்டிய போக்கிமான் என்றால் இன்னும் இழுக்கும். நடுப்படியைத் தாண்டவைக்கும் ரேர் கேண்டி கார்டு இருந்தாலும், களத்துக்கு வந்த அதே டர்னில் ஒரு போக்கிமானை வளர்க்க முடியாது. அதற்குள் எதிராளி இரண்டு பிரைஸ் எடுத்திருப்பான்.

2023இல் அப்சிடியன் ஃப்ளேம்ஸ் செட்டில் வந்த சாரிஸார்ட் ஈஎக்ஸ் என்ற ஸ்டேஜ் 2 போக்கிமானை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டாக் 180 என்றுதான் தொடங்குகிறது. அப்போதிருந்த பெரிய கார்டுகளை ஒரே அடியில் சாய்க்க அது போதாது, "இதென்னங்க, சப்பையா இருக்குது" என்று தள்ளிவிடத் தோன்றும். மேலே உள்ள எபிலிட்டியை, அதாவது அட்டாக் இல்லாமலே வேலை செய்யும் தனித் திறனைப் படியுங்கள். கையிலிருந்து அதை வளர்க்கும்போது டெக்கிலிருந்து 3 நெருப்பு எனர்ஜி வரை தேடி எடுத்துத் தன் போக்கிமான்களுக்கு விருப்பம்போல் ஒட்டலாம். அட்டாக் கேட்பது 2தான். ஆக வந்த டர்னிலேயே அடிக்கிறது, மூன்றாவது எனர்ஜி அடுத்த ஆளுக்குத் தயாராகிவிடுகிறது. எதிராளி எடுத்திருக்கும் ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும் என்பதால் அவர் 2 எடுத்தால் அடி 240, 4 எடுத்தால் 300. தோற்கத் தோற்கப் பலம் ஏறுகிற கார்டு, 330 ஹெச்பி (அவ்வளவு அடி தாங்கும்) வேறு. அது விழுந்தால் எதிராளிக்கு 2 பிரைஸ் போகும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், இப்படி மூன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

இதற்கு நேரெதிர் பிபாரெல் என்கிற போக்கிமான். 2022இன் பிரில்லியன்ட் ஸ்டார்ஸில் வந்தது, 120 ஹெச்பி, அதன் அட்டாக்கைச் சீண்ட ஆளில்லை. ஆனால் ஒவ்வொரு டர்னும் கையில் 5 கார்டு ஆகும்வரை எடுக்கலாம் என்று ஒரு வரி இருந்தது, அந்த ஒரு வரிக்காகப் பல டெக்குகளின் பென்ச்சில் வருடக்கணக்கில் குந்தியிருந்தது. படத்தில் அசட்டுச் சிரிப்போடு இருக்கிற இந்த மாதிரிக் கார்டுகளை முதல் சுற்றிலேயே தனியாக எடுத்து வையுங்கள். கார்டு எடுத்துத் தருவது, தேடித் தருவது, எனர்ஜியைக் கூடுதலாக ஒட்டுவது, எதிராளி கையைக் கலைப்பது: இந்த நான்கில் ஒன்றைச் சும்மா செய்கிற எதையும் லேசில் விடாதீர்கள்.

ஜப்பானில் இந்தக் கார்டுகள் பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும் என்பதால் அங்கே ஜெயித்த டெக் பட்டியல் கிடைக்கும், பாருங்கள். அப்படியே நம்பிவிட வேண்டாம். அங்கே பெரும்பாலும் ஒரே ஆட்டத்தில் முடிவு, இங்கே மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய போட்டிகளும் உண்டு. எப்போதாவது வேலை செய்கிற அதிரடி டெக் அங்கே கொஞ்சம் தூரம் ஓடிவிடும்.

அப்புறம் காசு போடும் முன்னால் ஆடிப் பாருங்கள். காந்திபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? கார்டுப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, வெட்டி, ஒரு பழைய கார்டுக்கு மேல் வைத்து ஸ்லீவில் செருகினால் வீட்டில் ஆடப் போதும் (போட்டியில் செல்லாது). உங்கள் ஊரில் அடிக்கடி எதிர்ப்படும் டெக்குகளோடு மட்டும் மோதுங்கள். அந்தக் கார்டு கைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் "வேற ஏதாச்சும் வந்திருக்கலாமே" என்று தோன்றினால் ஒரு கோடு போடுங்கள். கோடு ஏற ஏறத் தெரிந்துவிடும்.

வாங்கும்போது பேக் பிரித்துத் தேடாதீர்கள், தேவையான கார்டைச் சிங்கிளாக வாங்குங்கள், அதுவும் வெளியான வாரமே வாங்காமல் கொஞ்சம் ஆறவிட்டால் பெரும்பாலும் விலை இறங்கும். பஸ் ஸ்டாண்ட் ஃபேன்சி ஸ்டோரில் தொங்குகிற தங்கக் கலர் கார்டுகளைப் பையனுக்கு வாங்கிக் கொடுங்கள், டெக்குக்கு ஆகாது.

ஒதுக்கிய கார்டுகளின் பட்டியலைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். கார்டின் கீழே இடது மூலையில் ஒரு சின்ன எழுத்து இருக்கும். பழைய எழுத்துகள் அவ்வப்போது ஸ்டாண்டர்டிலிருந்து (புதிய கார்டுகள் மட்டும் செல்லும் போட்டி முறை) வெளியேறும். 2025 ஏப்ரலில் எஃப் எழுத்து போனபோது பிபாரெலும் கூடவே போனது. அந்த மாதிரி இடம் காலியாகும்போது, முன்னே "எதை வெளியே எடுப்பேன்" என்ற கேள்வியில் தோற்ற கார்டை எடுத்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள், இந்தத் தடவை பதில் மாறியிருக்கலாம்.