முதலில் இடம், அப்புறம் பரசூட்: கொழும்பிலிருந்து ஸ்கைடைவிங் போகிறவர்களுக்கு

ஸ்கைடைவிங் என்றதும் நம்ம ஆக்கள் முதலில் கேட்பது "பரசூட் என்ன விலை, எங்கே வாங்கலாம்" என்றுதான். கேள்வியில் பிழையில்லை, வரிசைதான் பிழை. முதல் தடவை குதிக்கிறவர் எதையும் வாங்கத் தேவையில்லை, பரசூட், ஹார்னஸ் (உடம்பைப் பரசூட்டோடு இணைக்கிற பட்டிகள்), காற்றுக்குப் போடுகிற கண்ணாடி எல்லாம் அங்கேயே தருவார்கள், ஆகவே உங்கள் உயிரைத் தாங்கப்போகிற அந்தச் சாமானை யார் பராமரிக்கிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் தெரிவு செய்கிறீர்கள். இடத்தைச் சரியாகத் தெரிவு செய்தால் முதல் குதிப்புக்கான சாமானும் சரியாக அமைந்துவிடும்.

காலிமுகத்திடலில் சுதந்திர தினத்தன்று படையினர் பரசூட்டில் வந்து இறங்குவதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர். அது படைப் பயிற்சி, நமக்கு வழி வேறு. கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு நேரடி விமானம் இருக்கிற துபாயும் தாய்லாந்தும்தான் கிட்ட. கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ சொந்தக்காரர் இருந்தால், அங்கே போகிற விடுமுறையில் குதிப்பது இன்னும் நல்லது என்பேன். காரணம், அந்த நாடுகளில் இந்த விளையாட்டுக்கென்றே தேசிய அமைப்புகள் இருக்கின்றன: கனடாவில் சி.எஸ்.பி.ஏ., அவுஸ்திரேலியாவில் ஏ.பி.எஃப்., இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ஸ்கைடைவிங், அமெரிக்காவில் யூ.எஸ்.பி.ஏ. நீங்கள் போகவிருக்கும் ட்ரொப்ஸோன் (ஸ்கைடைவிங் நடத்துகிற இடம்) அந்த அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று அமைப்பின் தளத்துக்கே போய்ப் பாருங்கள், ட்ரொப்ஸோனின் விளம்பரத்தில் இருக்கிற சின்னத்தை நம்பி விடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு ட்ரொப்ஸோன் யூ.எஸ்.பி.ஏ.யில் சேர வேண்டும் என்று கட்டாயம்கூட இல்லை, ஆகவே அங்கே இதைப் பார்ப்பது இன்னும் முக்கியம்.

இலங்கைக்குள்ளேயே குதிக்க வைக்கிறோம் என்று யாராவது விளம்பரம் போட்டால், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெந்தோட்டையில் படகு இழுக்கிற பரசெய்லிங் செய்த அனுபவத்தை இதற்குக் கணக்கெடுக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு.

காசு கட்டுவதற்கு முன் அங்கே போய் ஒரு மணித்தியாலமாவது சும்மா நின்று பாருங்கள். இறங்குகிற இடம் எப்படி இருக்கிறது? யூ.எஸ்.பி.ஏ. விதிப்படி தனியாகக் குதிக்கிற மாணவர்கள் இறங்குகிற இடத்தைச் சுற்றி 330 அடி, அதாவது ஏறக்குறைய 100 மீற்றர் தூரத்துக்கு மரக்கூட்டம், மின்கம்பி, கட்டடம், ஆழமான தண்ணீர் போன்றவை இருக்கக்கூடாது. மற்ற நாடுகளுக்கு வேறு விதி இருக்கலாம், ஆனால் கண்ணால் அளந்து பார்க்க இது நல்ல அளவு. இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து, ஒழுங்காக ஒருவர் பின் ஒருவராக இறங்குகிறார்களா, அல்லது ஆளுக்கொரு திசையில் வந்து விழுகிறார்களா? விமானத்தில் ஏறுகிறவர்களின் ஹார்னஸை ஏறுவதற்கு முன் இன்னொருவர் தொட்டுப் பார்க்கிறாரா? இப்படி ஒரு மணித்தியாலம் பார்த்தாலே அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

அப்புறம் கேள்விகள். கூச்சப்படாமல் கேளுங்கள், காசு உங்களுடையது, உயிரும் உங்களுடையது. டண்டம் பயிற்றுநருக்கு, அதாவது உங்களைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறவருக்கு, என்ன தகுதி, எத்தனை குதிப்பு? (யூ.எஸ்.பி.ஏ.யில் டண்டம் தகுதி எடுக்கவே ஆகக் குறைந்தது 500 குதிப்பும் 3 வருட அனுபவமும் வேண்டும்.) ரிசேர்வ் பரசூட்டை, அதாவது பிரதான பரசூட் பிழைத்தால் திறக்கிற இரண்டாவதை, கடைசியாக எப்போது மடித்தார்கள்? ஒவ்வொரு ரிக்கிலும் (முதுகில் மாட்டுகிற முழுப் பரசூட் தொகுதி) ஒரு சின்ன அட்டை இருக்கும், அதில் மடித்த திகதியும் மடித்த ரிக்கரின் (பரசூட்டை மடித்துப் பராமரிக்கத் தகுதி பெற்றவர்) கையொப்பமும் இருக்கும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை ரிசேர்வை விரித்துப் பார்த்துத் திரும்ப மடிக்க வேண்டும். ஓரிடத்தில் இந்த அட்டையைக் கேட்டபோது "அதெல்லாம் ஒபிஸில இருக்கு" என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்கள். நான் காசு கட்டாமல் திரும்பிவிட்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை, சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுதான்: "காற்று எவ்வளவு அடித்தால் நிறுத்துவீர்கள்?" இதற்கு ஒரு எண் பதிலாக வர வேண்டும். தனியாகக் குதிக்கிற மாணவர்களுக்கு யூ.எஸ்.பி.ஏ. வைத்திருக்கிற எல்லை மணிக்கு 14 மைல், கிட்டத்தட்ட 22 கிலோமீற்றர். டண்டமுக்கு அதைவிடக் கூட இருக்கலாம், ஆனால் எண் என்று ஒன்று இருக்க வேண்டும். "பார்த்துச் செய்வோம்", "எங்கட ஆக்கள் எந்தக் காற்றிலும் குதிப்பார்கள்" என்கிற இடத்தை விட்டுவிடுங்கள். காற்றுக்காக உங்களை நாலு மணித்தியாலம் காக்க வைத்து, பின்னேரம் "இன்றைக்கு முடியாது, நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்புகிற இடம்தான் நம்பக்கூடிய இடம். அதனால் பயணத்தைத் திட்டமிடும்போதே குதிப்பைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். நாலு நாள் பாங்கொக் பக்கேஜ் என்றால் முதல் நாளிலேயே வையுங்கள், தள்ளிப் போனாலும் இடம் இருக்கும், விமானத்தைப் பிடிக்கிற அவசரத்தில் யாரையும் நீங்கள் நெருக்க வேண்டி வராது. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் இடைத்தரகர் இல்லாமல் ட்ரொப்ஸோனிலேயே நேரடியாகப் பதியுங்கள்.

உங்கள் பக்கத்திலும் சில வேலை இருக்கிறது. பயணக் காப்புறுதி எடுத்தாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள், சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் ஸ்கைடைவிங் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், அந்தப் பக்கத்தை வடிவாக வாசியுங்கள், தேவைப்பட்டால் மேலதிகமாகக் கட்டுங்கள். எடையை உண்மையாகச் சொல்லுங்கள். பல இடங்களில் 100 கிலோ அளவில் எல்லை இருக்கும், அங்கே வைத்து நிறுப்பார்கள். தாய்லாந்தில் ஸ்கூபா டைவிங்கும் செய்கிற திட்டம் இருந்தால் குதிப்பை முதலில் முடியுங்கள், அல்லது டைவிங் முடிந்து ஆகக் குறைந்தது 24 மணித்தியாலம் விடுங்கள். 13,000 அடிக்குப் போகிற அந்தச் சின்ன விமானத்தில் காற்றழுத்தம் சீர்செய்யப்படுவதில்லை.

உடுப்பு: லேஸ் கட்டுகிற சப்பாத்து, செருப்பு வேண்டாம். நீளக் காற்சட்டை. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 பாகை வீதம் குளிர் கூடும், கீழே 32 பாகை என்றால் மேலே 6 பாகை. சங்கிலி, மோதிரம், தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி நம்பிக்கையான ஆளிடம் கொடுங்கள். நீள முடியை இறுக்கிப் பின்னுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் அதற்கு மேலால் போடுகிற பெரிய கண்ணாடி தருவார்கள்.

சரி, ஒருமுறை குதித்துப் பார்த்துவிட்டு, இதைப் பழக வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு இனிச் சொல்கிறேன். யூ.எஸ்.பி.ஏ.யின் முதல் அனுமதிப் பத்திரமான 'ஏ' லைசென்ஸுக்கு 25 குதிப்பு வேண்டும். அது கையில் வரும்வரை பரசூட் வாங்காதீர்கள், வாடகைக்கே எடுங்கள், ஏனென்றால் பழகப் பழக உங்களுக்குப் பொருத்தமான அளவு மாறும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் அதைச் சிங்கப்பூர் செந்தோசாவில் இருக்கிற காற்றுச் சுரங்கத்தில் (கீழிருந்து வீசுகிற காற்றில் மிதந்து பழகுகிற இடம்) செலவழியுங்கள், உடம்பை நிலையாக வைத்திருக்கக் கற்க அதைவிட நல்ல வழி கிட்டடியில் இல்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் முதலில் ஹெல்மட், கண்ணாடி, கையில் கட்டுகிற அல்டிமீட்டர் (உயரமானி). அல்டிமீட்டரில் முள் காட்டுகிற பழைய மாதிரியே தொடக்கத்துக்குப் போதும், ஒரு பார்வையில் உயரம் பிடிபடும். ஹெல்மட்டில் கமரா வேண்டாம், 200 குதிப்பு வரும்வரை கமராவைத் தொட வேண்டாம் என்பதுதான் யூ.எஸ்.பி.ஏ.யின் பரிந்துரை, பரசூட் கயிறு அதில் சிக்கினால் என்ன நடக்கும் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

முழு ரிக்கில் பிரதான கனோபி (விரிகிற பரசூட் துணி), ரிசேர்வ், இரண்டையும் சுமக்கிற ஹார்னஸ் பை, ஏ.ஏ.டி. (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) எல்லாம் அடங்கும். இதில் கனோபியின் அளவைத்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். கணக்கு இலேசு: குதிக்கும்போது உங்கள் மொத்த எடையை இறாத்தலில் எடுத்து, கனோபியின் சதுர அடியால் பிரியுங்கள். 70 கிலோ ஆள், ரிக்கும் உடுப்பும் 12 கிலோ, மொத்தம் 82 கிலோ, அது 181 இறாத்தல். 190 சதுர அடிக் கனோபி என்றால் விடை 0.95. அதே ஆள் 150 வாங்கினால் 1.2. புதியவர்களுக்கு 1.0க்கு மேல் வேண்டாம். சின்னக் கனோபி வேகமாகப் போகும், வேகமாகத் திரும்பும், நிலத்துக்குக் கிட்ட வந்து பதற்றத்தில் ஒரு பக்கம் இழுத்தால் மன்னிக்காது. ஸ்கைடைவிங் மரணங்களில் பெரும் பங்கு, பரசூட் விரியாமல் போனதால் வருவதல்ல, நன்றாக விரிந்த கனோபியின் கீழே தாழ்வாகத் திருப்பி நிலத்தில் மோதுவதால் வருவது. 2023 இல் அமெரிக்காவில் 36 இலட்சத்துக்கு மேற்பட்ட குதிப்புகளில் 10 பேர்தான் இறந்தார்கள், அந்தப் பத்தும் குறைந்துகொண்டே போக வேண்டும் என்றால் முதலில் திருந்த வேண்டியது இந்தச் சின்னக் கனோபி ஆசைதான். மலிவாக வருகிறது என்று யாராவது 135ஐ நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும்.

ஏ.ஏ.டி. இல்லாத ரிக்கை வாங்கவே கூடாது. மயங்கிப் போனாலோ உயரத்தை மறந்துபோனாலோ ரிசேர்வைத் தானாகத் திறக்கிற சின்னக் கருவி அது. 1991 இல் ஜேர்மனியின் ஏர்டெக் நிறுவனம் கொண்டுவந்த சைப்ரஸ்தான் இதில் பெயர் பெற்றது, பெல்ஜியத்தின் விஜிலும் இருக்கிறது. அனுபவசாலிகளுக்கான சைப்ரஸ் ஏறக்குறைய 750 அடியில், வேகம் செக்கனுக்கு 35 மீற்றரைத் தாண்டியிருந்தால் வேலை செய்யும். முழு வேகத்தில் விழுகிற ஆளுக்கு அந்த உயரத்திலிருந்து நிலம் நாலு செக்கன் தூரம்தான். பழைய ரிக் வாங்கும்போது இதன் உற்பத்தி ஆண்டையும் அடுத்த பராமரிப்புத் திகதியையும் கேளுங்கள். ஆயுள் முடியப் போகிறதென்றால் விலையில் அது கழிய வேண்டும்.

பாவித்த சாமான் வாங்குவதில் தப்பில்லை, நான் அதையே சொல்வேன். ஆனால் படத்தைப் பார்த்துக் காசு அனுப்ப வேண்டாம். நீங்கள் பழகுகிற ட்ரொப்ஸோனின் ரிக்கரிடம் நேரே அனுப்பச் சொல்லி, அவர் விரித்துப் பார்த்து, தொடர் இலக்கத்தை உற்பத்தியாளரின் பாதுகாப்பு அறிவித்தல்களோடு ஒப்பிட்டு, சரி என்ற பிறகு பணம். பார்க்கிற ரிக்கர் விற்கிறவருடைய ஆளாக இருக்கக்கூடாது. ஹார்னஸ் உங்கள் உடம்பு அளவுக்குத் தைத்ததா என்பதும் அவர் பார்க்க வேண்டியது. தோளில் தளர்ந்து நிற்கிற ஹார்னஸில் அவசரக் கைப்பிடிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

கொழும்பில் வைத்திருப்பதென்றால் வெயிலும் உப்புக் காற்றும்தான் எதிரி. நைலோன் துணியை வெயில் உக்க வைக்கும், உலோக வளையங்களை உப்பு அரிக்கும். கடற்கரைப் பக்கம் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வீடு என்றால் யன்னலோரத்தில் வைக்காமல், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பைகளோடு மூடிய அலுமாரியில் வையுங்கள். மத்தியான வெயிலில் நிற்கிற காரின் டிக்கியில் ஒருபோதும் விட வேண்டாம். பயணத்தில் ரிக்கைக் கைப்பொதியாகவே கொண்டு போங்கள், ஏ.ஏ.டி.யோடு வருகிற விளக்க அட்டையை மேலே தெரியும்படி வையுங்கள், சிக்கிய கயிற்றை அறுக்க வைத்திருக்கிற கொழுக்கிக் கத்தியை மட்டும் கழற்றிப் பெட்டிக்குள் போடுங்கள். கட்டுநாயக்கவில் பையைத் திறக்கச் சொன்னால் அட்டையைக் காட்டி, ரிசேர்வின் முத்திரையைப் பிரிக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். அது பிரிந்தால் திரும்ப ரிக்கர் மடித்துத் தரும்வரை அந்த ரிக்கோடு குதிக்க முடியாது, ஆகவே விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய்விடுங்கள்.