தடைக்காலத்துக்குப் பணம் சேர்ப்பது: விசைப்படகுக் குடும்பத்தின் கணக்கு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் விற்ற பணத்தில் எந்த வாரம் எவ்வளவு பங்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த 61 நாள் வராது என்பது தெரியும். கணக்கை அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் வாரச் செலவு. அரிசி ரேஷனில் வந்துவிடும்; மளிகை, பால், கேஸ், கரண்ட், குழுக்கடன் தவணை எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 வாரத்துக்கு 31,500. அரசின் 8,000 ரூபாய் நிவாரணத்தை இதில் கழிக்காதீர்கள். அது வரும்வரை மளிகைக்கடைக்காரர் பொறுக்கமாட்டார். வந்தால் ஜூனில் நோட்டு, சீருடைக்கு ஆகும்.

மீதி 43 வாரத்தில் புயல், மழை என்று 8 வாரம் போனால் 35. 31,500 சேர வாரத்துக்கு 900 எடுத்துவைக்க வேண்டும். ஆனால் வாராவாரம் 900 என்று வைத்தால் மீன் படாத முதல் வாரத்திலேயே அது நின்றுபோகும். டீசல், ஐஸ் செலவு போகக் கைக்கு வரும் பங்கில் 3,500க்கு மேல் இருப்பதில் பாதியை எடுத்துவையுங்கள். 6,000 வந்தால் 1,250. 9,000 வந்தால் 2,750. 3,200 வந்தால் ஒன்றும் வேண்டாம். மறுபாதி பழைய கடனுக்கு. பொங்கலுக்குள் 20,000 சேரவில்லையா, பாதியை முக்காலாக்குங்கள்.

எங்கே போடுவது? மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தபால் ஆபீஸ் ஆர்.டி. இதற்கு ஒத்துவராது. 5 வருடக் கணக்கு அது. தவறும் மாதத்துக்கு நூற்றுக்கு 1 ரூபாய் அபராதம், தொடர்ந்து 4 தவணை தவறினால் கணக்கே நின்றுவிடும். ஏலச்சீட்டிலும் அதே தொல்லைதான். 500 ரூபாயில் சாதாரண சேமிப்புக் கணக்கு, மனைவி பெயரில், போதும். பங்கு பிரித்த மறுநாளே போட்டுவிடுங்கள். அரிசி டிரம்மில் வைத்த பணம் அடுத்த விசேஷம் வரைகூடத் தாங்காது.

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 கட்டினால் 4,500 ஆகத் திரும்பும். தகுதி இருந்தால் தவணையை விடவே கூடாது. எந்த வங்கியும் இப்படித் தராது.

சேர்க்காவிட்டால் மிஞ்சுவது நகை அடகு. 20,000க்கு ரெண்டு வட்டி என்றால் 10 மாதத்தில் 4,000 போய்விடும். படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் வட்டி இருக்காதுதான். ஆனால் அது கழியும்வரை வேறு படகுக்கு மாற முடியாது, பங்கு குறைந்தாலும் வாய் திறக்க முடியாது.