வந்த இடத்தில் நட்பும் சாட்சியும்

புதிய நாட்டில் இறங்கியதும் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் முதலில் தேடுவது தமிழ்ச் சபையைத்தான். தேட வேண்டியதுதான், தாய்மொழியில் ஜெபிக்க ஓர் இடம் கிடைப்பது பெரிய ஆறுதல். ஆனால் ஆராதனை, ஜெபக்கூட்டம், பாடல் பயிற்சி என்று ஓய்வு நேரம் முழுவதும் அங்கேயே போய்விட்டால், சபைக்கு வெளியே ஒருவரையும் தெரியாமல் வருடங்கள் ஓடிவிடும். அப்புறம் சுவிசேஷ ஊழியம் என்று அறிவிக்கும்போது, பெயர் தெரியாத வழிப்போக்கர் கையில் இயேசுவைப் பற்றிய கைப்பிரதியைத் திணிப்பதுதான் மிஞ்சும். ஆகவே முதல் மாதத்திலிருந்தே வாரத்தில் ஒரு மாலையாவது பக்கத்து வீட்டார், உடன் வேலை செய்பவர், மொழி வகுப்பில் அருகே உட்காருபவர் என்று யாருக்காவது விட்டுவையுங்கள்.

"நாமே இன்னும் காலூன்றவில்லையே" என்று தோன்றும். யோவான் சுவிசேஷத்தின் 4-ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் இயேசு எப்படிப் பேச்சை ஆரம்பித்தார்? தண்ணீர் கேட்டார். மொண்டுகொள்ள அவரிடம் பாத்திரம்கூட இல்லை. புதிதாக வந்த நமக்கும் தேவைகளுக்குக் குறைவில்லை. இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். எப்போதும் கொடுக்கிற இடத்திலேயே நிற்பவரைவிட, உதவி கேட்பவரிடம் மனிதர்கள் சீக்கிரம் நெருங்குகிறார்கள்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18-இல் வரும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் நம்மைப் போல வந்து குடியேறியவர்கள்தான். யூதர்கள் ரோமை விட்டுப் போக வேண்டும் என்று பேரரசர் கிலவுதியு கட்டளையிட்டதால் கொரிந்துவுக்கு வந்தவர்கள். அப்போஸ்தலன் பவுலுக்கும் அவர்களுக்கும் ஒரே தொழில், கூடாரம் செய்வது. அதனால் பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். அந்த நகரத்தில் ஒன்றரை வருடம் இருந்தார். பிற்பாடு எபேசுவில் அப்பொல்லோ என்ற போதகரின் போதனையில் குறை தெரிந்தபோது, அந்தத் தம்பதி அவரைக் கூட்டத்தில் வைத்துத் திருத்தவில்லை. தங்களோடு அழைத்துக்கொண்டு போய் விளக்கினார்கள்.

ஒருவரோடு பழக ஆரம்பித்ததும் உங்களையே கேட்டுப் பாருங்கள்: இவர் ஒருநாளும் சபைக்கு வரமாட்டார் என்று இன்றே தெரிந்துவிட்டால், அடுத்த வாரம் இவருக்கு போன் செய்வேனா? இல்லை என்றால், நடப்பது ஆள் சேர்ப்பு. எதிரில் இருப்பவருக்கு அது வெகு சீக்கிரம் புரிந்துவிடும். முக்கியமாக, பிற மதத்தைச் சேர்ந்த நம் தமிழர் ஒருவர் புதிதாக வரும்போது வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சூட்டோடு ஞாயிறு ஆராதனைக்குக் கூப்பிடுகிற வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் கேட்கிறோம். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும்.

அதற்காக விசுவாசத்தை ஒளித்துவைக்கவும் வேண்டாம். ஆறு மாதம் மூச்சு விடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று இயேசுவைப் பற்றிச் சாட்சி சொன்னால், இதற்காகத்தான் பழகினாரா என்ற சந்தேகம் வரும். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஆராதனைக்குப் போனேன் என்று இயல்பாகச் சொல்லுங்கள். அவர் வீட்டில் நோயோ இழப்போ வந்தால், "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, மருத்துவமனைக்குத் துணையாகப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். அவருடைய நம்பிக்கையைப் பற்றி அவர் சொல்வதையும் இடைமறிக்காமல் கேட்க வேண்டும். நம்மிடம் விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத்தான் 1 பேதுரு 3:15 சொல்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடம் தருகிறது. சவூதி அரேபியாவில் பிற மதத்தவர் பொது இடத்தில் வழிபடவே அனுமதி இல்லை. இருக்கும் நாட்டின் நிலையைச் சபையின் மூத்தவர்களிடம் விசாரியுங்கள். தவறினால் உங்கள் நண்பரும் சிக்கலில் மாட்டலாம்.

நாசரேத்து ஊர்க்காரரான இயேசுவைப் பற்றி அவருடைய சீடர் பிலிப்பு சொன்னதும், அந்த ஊரிலிருந்து நன்மை வருமா என்று நாத்தான்வேல் கேட்டார். பிலிப்பு வாதாடவில்லை. "வந்து பார்" என்றதோடு சரி. உங்கள் நண்பர் தானாகவே வர விரும்பினால், ஆராதனை எவ்வளவு நேரம் நடக்கும், என்ன நடக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்திலேயே உட்காருங்கள். முதல் தடவை வருபவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் உண்டென்றால், இவரை விட்டுவிடும்படி போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் "எப்படி இருந்தது?" என்று துருவ வேண்டாம், பேசத் தோன்றினால் அவரே பேசுவார்.