ஸ்டீராய்டும் எலும்பும்: லூப்பஸ் நோயாளிகள் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை

உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூப்பஸ் நோய்க்குப் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் பலர், முதுகு வலிக்கத் தொடங்கிய பிறகே எலும்பைப் பற்றி யோசிக்கிறார்கள். புதிய எலும்பைக் கட்டும் செல்களை ஒடுக்கி, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதையும் குறைக்கும் இம்மருந்தால், முதல் 3 முதல் 6 மாதங்களில்தான் எலும்பு மிக வேகமாகத் தேய்கிறது. ஆகவே காத்திருப்பதில் பொருளில்லை.

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ 3 மாதங்களைத் தாண்டி எடுக்க வேண்டியிருந்தால், எலும்பு முறிவு அபாயத்தை மதிப்பிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அளவைக் குறைக்க இயலுமா என்றும் கேட்கலாம். ஆனால் நாமாகத் திடீரென்று நிறுத்தினால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும்.

அடுத்தது, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். முடிவு நன்றாக இருந்தாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம், ஏனெனில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அடர்த்தி அதிகம் குறையாத நிலையிலும் முதுகெலும்பு நொறுங்கலாம், அதுவும் வலியே இல்லாமல். உயரம் குறைவது அதற்கு அடையாளமாக இருக்கலாம் என்பதால், அதை அவ்வப்போது அளந்து குறித்து வையுங்கள்.

பிறகு கால்சியக் கணக்கு. உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் போதும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், 200 மில்லி பாலில் 240 அளவிலும் இருப்பதால், குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்பலாம். கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கல்லோ சிறுநீரகப் பாதிப்போ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் டி-க்கு வெயிலில் நிற்கச் சொல்லும் பொது அறிவுரை லூப்பஸ்காரர்களுக்குப் பொருந்தாது, வெயில் பட்டால் நோயே கிளர்ந்தெழக்கூடும். மாத்திரையே வழி. ஆனால் வாரம் ஒருமுறை என்று எழுதித் தரும் 60,000 யூனிட்டைத் தவறுதலாகத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

அபாயம் கூடுதலானவர்களுக்கு மருத்துவர் வாரம் ஒருமுறை எலும்புத் தேய்வைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை 70 மில்லிகிராம் அளவில் தரலாம். அதை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறுந்தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதுவரை காபியும் கூடாது, நம் வீடுகளில் இதுதான் பெரிய சோதனை. பல் பிடுங்க வேண்டியிருந்தால் இம்மருந்தைத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்கள், இம்மருந்து எலும்பில் பல ஆண்டுகள் தங்குவதால், அதைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.