நாலு கட்டையில் மறுபடியும்: குரல் இறங்கிய பிறகு பாட்டுக்குத் திரும்ப

பத்தொன்பது வயதில் நான் பாடிய ஒரு பாப் பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. கேசட் காலத்தின் கடைசி வால் அது. டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் என் குரல்தான். இருபத்து நாலில் தைராய்டு கட்டி, அறுவை. கண் விழித்து "தண்ணி" என்று கேட்டேன். வேறு யாரோ கேட்டது போல இருந்தது. இப்போது செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டில் இருந்தபடி பாட்டு எழுதிப் பாடுகிறேன். எப்படித் திரும்பி வந்தாய் என்று கேட்கிறவர்களுக்காக இது.

முதலில் டாக்டர், பாட்டு அப்புறம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாணை ஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டை ஒட்டியே குரலுக்கான நரம்புகள் போகின்றன. அதில் ஒன்று, குரல்நாணை இழுத்து விறைப்பாக்கும் தசைக்குப் போவது. அது அடிபட்டால் பேச்சு ஏறக்குறைய சரியாக இருக்கும், மேல் ஸ்தாயி மட்டும் எட்டாது. எனக்கு அதுதான் ஆனது. முதலில் காட்டிய இடத்தில் "பேச்சு வருதுல்ல, அப்புறம் என்ன?" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் வீண். நான் பாடுகிறவள், பேச்சு வந்தால் மட்டும் போதாது என்று அழுத்திச் சொல்லி, குரல் பயிற்சி தருகிறவரிடம் போக டாக்டரிடம் சீட்டு வாங்குங்கள்.

அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு ஸ்ட்ரா. டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு ஸ்ட்ராவை விட்டு, "ஊ" என்று குரலோடு ஊத வேண்டும். கீழிருந்து மேலே வழுக்கிப் போய் மறுபடி இறங்க வேண்டும். தண்ணீரின் எதிரழுத்தத்தால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிர்கின்றன. குமிழியைக் கவனியுங்கள்: சீராக வந்தால் மூச்சு சரி, திக்கினால் அந்தச் சுரத்தில் இழுத்துப் பிடிக்கிறீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளுக்கு மூன்று நாலு தடவை. விடிகாலையில் முற்றத்துப் படியில் உட்கார்ந்து செய்வேன். "என்ன ஆத்தா, உலை கொதிக்குதா?" என்று அப்பத்தா உள்ளேயிருந்து கேட்பார்.

தொண்டையைக் கனைக்காதீர்கள், ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். குரலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிசுகிசுக்கவும் வேண்டாம், அதுவும் சிரமம்தான். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். காபி அரை மணியாவது கழித்து. எங்கள் வீட்டில் இதுதான் பெரிய தியாகம்.

அடுத்தது சுருதி. அதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். முன்பு 5½ கட்டையில் பாடினேன், இப்போது 4. ஆர்மோனியத்தில் கறுப்பு வெள்ளை இரண்டையும் எண்ணினால் மூன்று கீதான் கீழே. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. தேவகோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில் பழைய பாட்டைப் பழைய சுருதியிலேயே எடுத்தேன். சரணத்தில் குரல் கிழிந்தது. கீபோர்டு பையன் சத்தத்தைக் கூட்டி மூடிவிட்டான். நல்லவேளை, அதற்குள் பந்தி போட்டுவிட்டார்கள். நீங்கள் ஒரு மாதம் தினமும், முகம் சுளிக்காமல் எட்டுகிற கீழ்ச் சுரத்தையும் மேல் சுரத்தையும் நோட்டில் குறியுங்கள். நல்ல நாளை விட்டுவிட்டு, சுமாரான நாளின் கணக்கை வைத்துக் கட்டையை முடிவு செய்யுங்கள். பழைய ஹிட்டைக் கேட்டால் மறுக்காமல், கிட்டார் ஒன்றை மட்டும் வைத்து இறக்கிப் பாடுங்கள்.

புதுப் பாட்டு எழுத எனக்கு வாத்தியார் தாலாட்டு. நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றும். மாமன் கொண்டுவந்த சீரை வரிசையாகச் சொல்லியே ஒரு ராத்திரியை ஓட்டிவிடும். அப்பத்தா பாடியதைப் போனில் பதிந்து, மெட்டை எழுதிப் பார்த்தேன்: ஸ ரி க ம ப-வில் அந்த 'ப'வை, பஞ்சமத்தைத் தாண்டவே இல்லை. மேலே போகும் இடத்தில் 'ஈ' வந்தால் எனக்குத் தொண்டை இறுகும். அங்கே 'ஆ', 'ஓ' வருகிற சொல்லைத் தேடி வைப்பேன். இழுத்தால் 'ஈ' ஆகிவிடும் 'தேதி'யை 'நாளா' என்று மாற்றியதில் ஒரு பாட்டின் பொருளே மாறியது, நல்லதாகத்தான்.

பதிவு செய்ய வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடம், ஆகாது. ஆத்தங்குடிக் கல் தரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர்: கை தட்டினால் நாலு தடவை திரும்பி வரும். கேட்க அருமைதான், ஆனால் பதிந்த பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. பெரிய வீட்டில் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பப் பங்குக்கு, வந்த அறையில் சமுக்காளத்தையும் மெத்தையையும் தொங்கவிட்டு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று பாடுகிறேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். புறாக்களை ஒன்றும் செய்ய முடியாது.

பத்தொன்பது வயதில் ஒரே தாளில் பாட்டின் உரிமை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவள் நான். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் எழுத்தாளராகவும் இசையமைப்பாளராகவும் சேருங்கள். இன்னொருவரோடு சேர்ந்து மெட்டுப் போட்டால், யாருக்கு எத்தனை பங்கு என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கல்யாணத்திலேயே இசைகுடிமானம் என்று ஒப்பந்த ஓலை எழுதுகிற ஊர்க்காரி சொல்கிறேன், எழுதிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

மேடைக்கு முதலில் நாற்பது நிமிஷம் போதும், நடுவில் ஓய்வோடு. முந்தின ராத்திரி காரமும் நேரம் கழித்த சாப்பாடும் கூடாது. அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். நான் பாடப் போகிற வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவேன்: கோழி வறுவலை ஒரு தூக்கில் எடுத்து வையுங்கள், பாடி முடித்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.