மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள்: டெக்சாஸ் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் புதிய பெற்றோருக்கு

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஆலன் பக்கம் வீடு பார்த்து வருகிறவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை பெரிய வேலை இல்லை. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை ஆகியவை கையில் இருந்தால் போதும். நன்கொடை, சிபாரிசு, விடியற்காலை வரிசை எதுவும் கிடையாது. வீடு எந்த அரசுப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே இடம் உண்டு. இதற்கு மேல் சேர்க்கையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அதோடு சேர்ந்து கையெழுத்துக்கு வரும் மாணவர் நடத்தை விதிகளைப் பற்றி. பக்கம் பக்கமாக இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஆயுதம் பற்றிய பகுதியையாவது ஒருநாள் இரவு உட்கார்ந்து வரி விடாமல் படியுங்கள். நிஜத் துப்பாக்கி, கத்தி மட்டுமல்ல, ஆயுதம்போல் தோற்றம் தரும் பொம்மையும் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) பட்டியலில் இருக்கிறது.

பள்ளியின் அன்றாடக் கட்டுப்பாடுகளும் முதலில் திகைக்க வைக்கும். மதியம் சாப்பாட்டுக் கூடையோடு வகுப்பு வாசல் வரை போய், பிள்ளைக்கு ஊட்டிவிட்டு வரும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே வாசல் கதவு பூட்டியே இருக்கும். அழைப்பு மணியை அழுத்தி, காமிராவைப் பார்த்துப் பேசி, அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். டாலஸ் பள்ளி மாவட்டத்தில் 2022 முதல் ஆறாம் வகுப்பிலிருந்து உள்ளே இருப்பது தெரியும் பைதான். ‘லாக்டவுன்’ பயிற்சி என்றால் வகுப்புக் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாத மூலையில் பிள்ளைகள் சத்தமின்றி உட்கார வேண்டும். ‘செக்யூர்’ என்று உங்கள் கைபேசிக்குச் செய்தி வந்தால், ஆபத்து வளாகத்துக்கு வெளியே என்று பொருள். வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் நடந்துகொண்டிருக்கும். பதறிப்போய்க் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடாதீர்கள். அவசர வண்டிகளுக்கு வழி அடைபடும்.

இதெல்லாம் மிகை என்று நம்மவர்கள் பேசிக்கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 2022 மே 24 அன்று இதே மாநிலத்தின் யுவால்டி நகரில், ராப் தொடக்கப் பள்ளிக்குள் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் நுழைந்து 19 பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றான். அவன் நுழைந்த வெளிக்கதவு பூட்டப்பட்டிருக்கவில்லை. வகுப்பறைப் பூட்டு ஒன்று சரியில்லை என்பது பள்ளிக்கு முன்பே தெரிந்திருந்தது. 376 காவலர்கள் வந்து குவிந்தும், உள்ளே போய் அவனை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஒவ்வொரு கதவையும் ஒருவர் இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார் என்றால் அதற்குப் பின்னால் இந்தப் பிள்ளைகளின் சாவு இருக்கிறது.

இனி என் நண்பர் வீட்டில் நடந்தது. அவர் விருதுநகர்க்காரர். தீபாவளியை ஒட்டி ஊரிலிருந்து வந்த அவருடைய அம்மா, பேரனுக்கு ஒரு தகரத் துப்பாக்கி கொண்டுவந்தார். ரோல் கேப் போட்டுச் சுடுவோமே, அதேதான். கேப்பை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால் வெறும் துப்பாக்கி மட்டும். கறுப்புச் சாயம், மரக்கட்டை நிறத்தில் கைப்பிடி, விசையை இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம். இங்கே விற்கும் பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். நம் ஊர்த் துப்பாக்கிக்கு ஏது ஆரஞ்சு முனை? 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் டமிர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஆரஞ்சு முனை இல்லாத பொம்மைத் துப்பாக்கியை வைத்திருந்ததால் காவலரின் குண்டுக்கு இரையானான். ஊரிலிருந்து வரும் பெட்டியில் இந்தப் பொருள் இருந்தால் அன்றே குப்பையில் போடுங்கள். பாட்டி மனம் வருந்தினால் வருந்தட்டும்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன், நண்பனுக்குக் காட்டுவதற்காக அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மேசைக்கடியில் காட்டும்போது இன்னொரு பிள்ளை பார்த்துப் பயந்து ஆசிரியையிடம் சொல்லிவிட்டது. அது சரியான செயல், அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். பையன் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டான். பள்ளிக் காவல் அதிகாரி வந்தார். அப்பாவுக்குத் தொலைபேசி போனது.

நண்பர் நம் ஊர் வழக்கப்படி நடந்துகொண்டார். தலைமை ஆசிரியர் அறையில் கைகட்டி நின்று, பிள்ளையை இரண்டு வார்த்தை திட்டி, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விஷயம் அதோடு முடிந்துவிடும், கடிதம் மேசை இழுப்பறையில் கிடந்து மக்கிப்போகும் என்றுதான் நாமெல்லாம் பழகியிருக்கிறோம். அப்படியே எழுதினார்: விதி என்று தெரிந்தே என் மகன் தவறு செய்துவிட்டான், இனி ஒருபோதும் நடக்காது, முழுப் பொறுப்பும் என்னுடையது. பையனும் கீழே கையெழுத்திட்டான். உண்மையில் பையனுக்கு அந்த விதி தெரியாது. பணிவாக இருக்கட்டும் என்று அப்பாவே சேர்த்த வரி அது.

கோப்பில் ஏறியது அந்த வரிதான். அடுத்த கூட்டத்தில் அதையே படித்துக் காட்டினார்கள். முதலில் இடைநீக்கம், அதன்பின் ஒழுங்கு மீறிய மாணவர்களுக்கான மாற்றுப் பள்ளி. பத்து வயதுப் பையன் தினமும் சோதனைக் கருவி வழியாக நடந்து, தன்னைவிடப் பெரிய பிள்ளைகளோடு ஓர் அறையில் உட்கார்ந்தான். நண்பரின் மனைவி வாரக்கணக்கில் தூங்கவில்லை. வழக்கறிஞருக்குக் கொடுத்த பணம் போனது ஒருபுறம். மேல்முறையீட்டில் அந்தக் கடிதத்தைத் தாண்டி யாராலும் வர முடியவில்லை.

ஆகவே தொலைபேசி வந்தால் என்ன செய்வது? போங்கள், மரியாதையாகப் பேசுங்கள், பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கே எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், பிள்ளையும் எழுத வேண்டாம். பையனை மாற்றுப் பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தால், அதற்கு முன் பெற்றோருடன் கூட்டம் நடத்தியாக வேண்டும். டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 37ஆம் அத்தியாயம் இன்னொன்றும் சொல்கிறது. இப்படி ஒரு முடிவு எடுக்கும்போது மாணவருக்குத் தவறு செய்யும் நோக்கம் இருந்ததா இல்லையா, இதற்கு முன் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்பதையெல்லாம் கணக்கில் கொள்ள வேண்டும். மிரட்டும் எண்ணம் இல்லை, பாட்டி கொடுத்த பண்டிகைப் பொம்மை, இதுவரை ஒரு புகாரும் இல்லை என்று நீங்கள்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும். சொன்னதைப் பிறகு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அது அவமானம் இல்லை.

ஐந்தாம் வகுப்புப் பையின் மீது இத்தனை கண்டிப்பு காட்டும் மாநிலம், வீட்டு அலமாரியின் மீது காட்டுவதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. 2018 மே மாதம் ஹூஸ்டனுக்குத் தெற்கே சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 10 பேரைக் கொன்றவன் பதினேழு வயது மாணவன். எடுத்துப் போனது அப்பாவின் துப்பாக்கிகள். 2012இல் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 பிஞ்சுகளும் ஆறு பெரியவர்களும் இறந்தது, கொலைகாரனின் அம்மா வாங்கி வைத்திருந்த துப்பாக்கியால். டெக்சாஸ் சட்டம் குழந்தைக்கு எட்டும்படி துப்பாக்கி வைப்பதைக் குற்றம் என்கிறது, ஆனால் 17 வயதுக்குக் கீழே இருந்தால் மட்டும். சான்டா ஃபே மாணவன் அந்த எல்லையைத் தாண்டியிருந்தான். அவனுடைய பெற்றோர் பொறுப்பல்ல என்று 2024இல் கால்வெஸ்டன் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மிச்சிகனில், ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற சிறுவனின் தாயும் தந்தையும் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

ஆயுதக் காவலர் வந்துவிட்டால் போதும் என்று இங்கே பலர் உளமார நம்புகிறார்கள். 2023இல் இயற்றிய சட்டப்படி ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் ஆயுதம் தாங்கிய ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு அரசு அப்போது ஒதுக்கியது வளாகத்துக்கு 15,000 டாலர். ஒருவர் சம்பளத்துக்கே அது எட்டாது என்று மாவட்டங்கள் முறையிட்டன. காவல் நிலையம் வெகு தொலைவில் இருக்கும் சிற்றூர்ப் பள்ளிகளின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஹாரல்டு என்ற சிறிய மாவட்டம் 2007லேயே ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்திருக்க அனுமதித்தது. ஆனால் சான்டா ஃபேயில் காவலர் இருந்தார், சுடப்பட்டுப் படுகாயமடைந்தார். 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லாந்தில் 17 பேர் இறந்தபோது ஆயுதக் காவலர் கட்டடத்துக்கு வெளியே நின்றார். காவலர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கி பள்ளி வாசலுக்கு வருவதற்கு முன்பே, அது கிளம்பும் வீட்டில் தடுக்க வேண்டும் என்கிறேன்.

2023 மே 6 அன்று ஆலன் வணிக வளாகத்தில் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்த இளம் பொறியாளர் ஒருவரும் அதில் உண்டு. நாம் சனிக்கிழமைகளில் செருப்பும் சட்டையும் வாங்கப் போகிற இடம் அது. அதன்பின் நம் வீடுகளில் நாமும் ஒன்று வாங்கி வைத்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை; வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அலுவலகத் தோழர்கள் சுடும் பயிற்சிக்கு அழைத்தாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் துப்பாக்கியைக் கையில் எடுக்காதீர்கள்.

பிள்ளை வேறு வீட்டுக்கு விளையாடவோ இரவு தங்கவோ போகும் முன், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். நம் வீட்டில் நாய் உண்டு, பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது என்று பேசும் அதே பேச்சில் இதையும் கேட்டுவிடலாம். எனக்குத் தெரிந்த டெக்சாஸ்காரர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவர் எழுந்து போய்ப் பெட்டகத்தையே காட்டினார்.

பள்ளி வாரியத் தேர்தலில் நமக்கு வாக்கு இல்லை. ஆனால் வாரியக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ள எதைப் பற்றியும் வாரியம் முடிவெடுக்கும் முன் பொதுமக்களைப் பேச விட வேண்டும் என்று 2019 முதல் மாநிலச் சட்டமே இருக்கிறது. துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பது பற்றிப் பெற்றோருக்குத் தகவல் அனுப்ப வேண்டியது மாவட்டத்தின் கடமை. அது நம் பள்ளியில் எப்போது, எந்த வடிவில் போகிறது என்று கேளுங்கள். பொம்மை கொண்டுவந்த சிறு பிள்ளையையும் மிரட்டல் விடுத்தவனையும் நடத்தை விதிகள் பிரித்துப் பார்க்கின்றனவா என்று கேளுங்கள். சில நிமிடங்கள்தான் தருவார்கள், எழுதி வைத்துப் படியுங்கள். பேச விரும்புகிறவர்கள் எத்தனை மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கூட்ட அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள்.